காத்தான் எத்தனையாவது அடியில சாவான்?

நீங்க பாட்டுக்கு ஆடுங்க அம்மிணி, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கறனுங்க. கண்ணை இக்கட்டால திருப்ப வேண்டியதில்ல, காதை மட்டும் குடுத்தாப் போதும். ஆத்தூர்ல இருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்திருக்கறீங்க. வந்தவங்களை வாயை மூடிட்டு நின்னு வேடிக்கை பாத்தா நல்லாவா இருக்கும்? இந்தத் திருச்செங்கோட்டுல காளிதாஸ் கேம் சென்டர்னா மெஷின் ஒரு பக்கம் பாடும், காளிதாஸ் ஒரு பக்கம் பாடுவான். நாந்தாங்க காளிதாஸ்.

ஆமாங்க, அந்தக் குச்சியைக் கீழ அமுத்துனா தோண்டுவான். செவப்புப் பொத்தானை அமுத்துனா குதிப்பான். அவ்வளவுதாங்க வித்தை. தலைல தொப்பி போட்டுட்டு மண்ணு வெட்டற மம்முட்டியோட நிக்கறானே குள்ளப்பய, அவன் பேரு காத்தான். நாங்க வெச்ச பேருங்க. மெஷின் மேல ஜப்பான்காரன் என்னமோ எழுதியிருக்கறான், அதை ஆரு படிச்சா? மேல இருந்து கல்லு உருளும், பக்கத்துல இருந்து பெருச்சாளி வரும். ரெண்டுல எதுல மாட்டுனாலும் காத்தான் காலி. அவன் எத்தனையாவது படியில சாகறானோ, அந்த மூலைல ஓடுது பாருங்க நம்பரு, அதாங்க நீங்க போடப்போற போர்க்கெணத்துக்கு அடி. நூத்தி இருவதுல செத்தா நூத்தி இருவது அடி. எரநூறுல செத்தா எரநூறு. நாளைக்குக் காலைல ரிக்கு வண்டி உங்க காட்டுல அத்தனை அடிக்கு ஓட்டை போடும், அங்க தண்ணி இருக்கும். இருக்கும்ங்கறது ஜனங்க பேச்சு.

காசு ஒண்ணுதாங்க, ஆட்டமும் ஒண்ணுதான். செத்துட்டா ரெண்டாந்தரம் போடக்கூடாது. கோயில்ல பூ வெச்சுக் கேக்கறமில்லீங்க, செவப்புப்பூ வருதா வெள்ளைப்பூ வருதான்னு? பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டு, எனக்கு இது புடிக்கல, இன்னொண்ணு எடுங்கன்னு பூசாரிகிட்டச் சொல்ல முடியுமா? அதே சட்டந்தான் இங்கயும். காட்டுக்குச் சொந்தக்காரங்கதான் ஆடோணும், தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வரோணும், செருப்பை வெளிய உடோணும். இதுல ஒரு சட்டங்கூட நான் போட்டதில்லீங்க. வந்தவங்க ஆளுக்கொண்ணாப் போட்டுட்டுப் போனது.

அப்புசாமியா? உங்களைக் கூட்டிட்டு வந்த ரிக்கு ஏஜெண்டு எதுத்தாப்புல பேக்கரில உக்காந்திருக்கறாருங்க. உள்ள வரமாட்டாரு. போன மாசம் வாசல்ல உட்ட செருப்பை எவனோ மாட்டிட்டுப் போயிட்டான், புதுச் செருப்பு வேற. அதுல இருந்து அவருக்குக் காத்தான் மேல கோவம். முன்னூறு கெணத்துக்கு வாக்குச் சொல்றவனுக்கு எஞ்செருப்பைப் பாத்துக்கத் தெரியலையான்னு கேக்கறாரு.

எழுவது ஆயிருச்சுங்களா? நல்லா ஆடறீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்றனுங்க, இதுல நல்லா ஆடோணும்னு ஒண்ணும் இல்ல. பரீச்சையா என்ன? சாமி எங்க நிறுத்துதோ அங்க நின்னுக்கோணும். பெருச்சாளி வந்தா வரட்டும்னு உட்டறோணும். நீங்க என்னமோ ஒவ்வொண்ணையும் தாண்டித் தாண்டிப் போறீங்க.

டீ சொல்லட்டுங்களா? ஒரு கையில குச்சியைப் புடிச்சுட்டு இன்னொரு கையில குடிக்கலாம். இங்க வர்றவங்க பல பேரு அப்படித்தான் குடிப்பாங்க. குடிச்சு, சட்டை மேல ஊத்திட்டு, அதைத் தொடைக்கறதுக்குள்ள காத்தான் செத்து... செரிங்க, வேண்டாம்னா உடுங்க.

ஒரு காலத்துல இங்க பத்து மெஷின் இருந்துதுங்க. கார் ஓட்டறது, பிளேன்ல இருந்து சுடறது, ரெண்டு பேரு அடிச்சுக்கறது. பள்ளிக்கோடத்துக்கு மட்டம் போட்டுட்டு வர்ற பசங்களைப் புடிக்க வாத்தியாரு வருவாரு. வந்தவரு ஒரு ஆட்டம் போட்டுப் பாப்பாரு. அப்பறம் அவரைத் தேடி ஹெட்மாஸ்டரு வருவாரு. கார் மெஷின்ல ஹெட்மாஸ்டரு கியர் மாத்தறதைப் பாக்கோணுமே நீங்க, லாரி ஓட்டறவன் தோத்தான்.

அப்பறம் டிவில சொருகற பொட்டி வந்துச்சுங்க. ஊட்டுக்கு ஊடு வாங்கிட்டாங்க. காசே போட வேண்டாம், எத்தனை தரம் செத்தாலும் பொழைச்சுக்கலாம், அம்மா கூப்பிட்டா நிறுத்தி வெச்சுட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து உட்ட எடத்துல இருந்து ஆடலாம். அதென்னங்க ஆட்டம்? சாவுக்கு ஒரு மருவாதி வேண்டாம்? அதோட போனும் வந்துச்சு, என்ற சோலி முடிஞ்சுது. செவ்வாய்ப்பேட்டைல இருந்து பழைய இரும்புக்காரன் வந்தான். ஒம்பது மெஷினை அள்ளிட்டுப் போயிட்டான்.

பத்தாவது? அதாங்க நீங்க ஆடறது. இதை அவன் எடுத்திருப்பான், கதவுல போகல. ரோடு மேல ரோடு போட்டு ரோடு போட்டு, கடை பள்ளத்துக்குப் போயிருச்சு. மழை பேஞ்சா தண்ணி உள்ள வந்து நிக்குதுன்னு வாசப்படியை ஒண்ணரை அடி ஒசத்திக் கட்டுனனுங்க. தண்ணி வெளியவே நின்னுது. மெஷினும் உள்ளயே நின்னுக்கிச்சு. சாச்சுப் பாத்தோம், படுக்க வெச்சுப் பாத்தோம், நாலு பேரு சேந்து திட்டிக்கூடப் பாத்தோம். வரலீங்க. கதவு நெலவை இடிக்கற கூலிக்கு இந்த இரும்பு ஆகாதுன்னுட்டுப் போயிட்டான். உலகம் பூரா ஊட்டுக்குள்ளயே ஆடுது, நீ எப்படி கடையை வெச்சுப் பொழைக்கறேன்னு கேக்கறவங்களுக்கு இதாங்க பதில். மேஸ்திரி தயவு.

நூத்தி நாப்பதா? அடேங்கப்பா.

கேளுங்க, வாக்கு ஆரம்பிச்ச கதையைச் சொல்லிப்போடறேன். ஜேடர்பாளையத்துக்காரர் ஒருத்தரு, ஆண்டின்னு பேரு, ரிக்கு வண்டி பேச வந்தாரு. பக்கத்துப் பட்டறைல வண்டி சர்வீசுக்கு நிக்குது, ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. மனுசன் வெயிலுக்கு ஒதுங்கி இங்க வந்தாரு. சும்மா நிக்கறதுக்கு ஒரு காசைப் போட்டாரு. எம்பத்தஞ்சுல பெருச்சாளி தின்னுருச்சு. அடுத்த நாளு காட்டுல டிரைவர் எத்தனை அடிங்க போடறதுன்னு கேட்டிருக்கறான். இவரு லொள்ளுக்கு, நேத்துக் காத்தான் எம்பத்தஞ்சுல செத்தான், அத்தனையே போடுன்னாராம். எம்பத்தஞ்சாவது அடியில பீச்சியடிச்சுது பாருங்க தண்ணி! டிரைவர் லுங்கி, ரிக்கு வண்டி, வேடிக்கை பாத்த ஆட்டுக்குட்டி, எல்லாம் நனைஞ்சு போச்சு. ஒரு வாரத்துல சுத்துவட்டாரம் பூரா அதே பேச்சு.

அம்மிணி, நீங்க படிச்சவங்களாட்டம் தெரியுது, நீங்களே சொல்லுங்க. ஜேடர்பாளையம் எங்க இருக்குது? காவேரி ஆத்தோரம். அவரு காட்டுக்கும் அணைக்கும் நடுவுல ஒரு ரோடுதான். அங்க கடப்பாரையைக் குத்துனாலே தண்ணி வரும். குடைக் கம்பியை ஊணி வெச்சாக்கூட வரும். இது ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? அடுத்த திங்கக்கிழமை வாசல்ல இருவத்தி ரெண்டு பேரு நிக்கறாங்க, கையில தேங்காபழத்தோட.

பொறவு நடந்த அலும்பைக் கேட்டா சிரிப்பீங்க. சிரிங்க, சிரிச்சா ஒண்ணும் தப்பில்ல. ஒருத்தரு மெஷின் மூலைல தேங்கா உடைச்சாரு, அந்தா அந்தக் கீறல் அப்ப உழுந்ததுதான். ஒருத்தரு காசு போடற சந்துல எலுமிச்சம்பழத்தை அமுக்கிட்டாரு, புளிச்ச வாடை போக ஒரு மாசமாச்சு. மெஷின் தெக்க பாத்துட்டு இருக்குதுன்னு வாஸ்துக்காரரைக் கூட்டியாந்து கெழக்க திருப்புனாங்க. திருப்புனதும் சொருகற எடம் எட்டல, ஒயர் வாங்கோணும். ஒயர் காசு ஆரு குடுத்தா? நாந்தான்.

கெழங்கு லாரிக்காரர் ஒருத்தரு, மகளுக்கு எப்பங்க கல்யாணம் ஆகும்னு கேக்கறதுக்கு வந்தாரு. காத்தான் எரநூத்தி நாப்பதுல செத்தான். எரநூத்தி நாப்பது நாளா, வாரமா, இல்ல மாப்பிள்ளைக்கு எரநூத்தி நாப்பது மூட்டையான்னு என்னைப் போட்டுக் கொடையறாரு. அதுக்கப்பறந்தான் அந்தப் போர்டு எழுதி மாட்டுனது. படிச்சீங்களா வரும்போது? போர் மட்டும் கேக்கவும்னு இருக்கும்.

காசு பாத்தீங்கள்ல, நான் குடுத்தது? பழைய பெரிய ஒத்தை ரூவா. இந்த மெஷினு அதைத் தவிர வேற எதையும் முழுங்காதுங்க. இப்ப அது எங்க கெடைக்குது? எங்கிட்ட முப்பத்தி ரெண்டு இருக்குது. நீங்க போட்டதை நானே பின்னால தொறந்து எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுப்பேன். அந்த முப்பத்தி ரெண்டு காசுலதான் இத்தனை ஊரு போரும் ஓடுது. சின்னப் பசங்க வந்து போன்ல காசு அனுப்பறனுங்க, ஸ்கேன் அட்டையை ஒட்டி வெய்யிங்கறாங்க. காத்தானுக்கு ஏது போனு கண்ணுன்னு சொல்லிட்டேன்.

எரநூத்தி எழுவது!

ஏனுங்க அம்மிணி, அந்தப் பெருச்சாளி ரெண்டும் ஒட்டுக்கா வந்துச்சே, எப்படித் தப்பிச்சீங்க? அந்த எடத்துல ஒருத்தருந் தப்பிச்சதில்லீங்களே. நூத்தி அம்பது, மிஞ்சிப்போனா எரநூத்தி நாப்பது, அதுக்குள்ள முடிஞ்சு போகும் எல்லாருக்கும்.

அய்யய்யோ, தோள் மேல பல்லி!

...இல்லீங்க. போயிருச்சு. அசையவே இல்லையே நீங்க. பல்லிக்குப் பயம் இல்லீங்களா? எங்க ஊட்ல அமுதவல்லின்னா இந்நேரம் கூரையப் புடிச்சுட்டுத் தொங்கியிருப்பா. அமுதவல்லி என்ற சம்சாரம்.

செரி, ஊட்டுக்காரர் வரலீங்களா? ஆந்திராவுக்கு லோடு போயிருக்கறாரா. அப்ப போர் போடற முடிவு நீங்களாவே எடுத்தது. பெரிய மனசுங்க. காட்டுல என்ன வெள்ளாமை? குச்சிக்கெழங்கா. தண்ணி பத்தாம நட்டதெல்லாம் வாடுதா. இதுக்கு முன்னால போட்ட போர்ல? நின்னு போச்சா. செரிதான்.

என்னுங்க அது காதுல? கொஞ்சம் இருங்க, நீங்க திரும்பாதீங்க, நான் பாக்கறேன். வேப்பங்குச்சி. தோட்டை எங்கீங்க... அடகுலயா? நாளைக்கு வண்டிக்காகவா? தோடு மட்டுமா... செரிங்க. நான் கேக்கல. ஆடுங்க.

முன்னூத்தி அறுவது.

அப்புசாமி ரேட்டு சொன்னாருங்களா உங்களுக்கு? அதில்லீங்க, மொத அடிக்கும் கடைசி அடிக்கும் ஒரே ரேட்டு இல்ல. முன்னூறு தாண்டுனா அடிக்கு ஒரு ஏத்தம், ஐநூறு தாண்டுனா இன்னொரு ஏத்தம். ஆயிரம் தாண்டிட்டா அடிக்கு அடி தங்கந்தான். அதைச் சொல்லலையா? மறந்திருப்பாரு. செருப்பு ஞாபகத்துல மறந்திருப்பாரு.

வேகமாப் போகாதீங்க அம்மிணி. நின்னு நிதானமா... இல்ல, நிதானமா ஆடுனீங்கன்னா இன்னும் தப்பிச்சுருவீங்க. வேகமாவே போங்க. என்னமோ போங்க.

நானூத்தி அம்பது. எனக்கு வேர்க்குது.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். இந்த ஆட்டத்தை இதுக்கு முன்னால எங்கயாச்சும் ஆடியிருக்கறீங்களா? இதே ஆட்டம் இல்ல, இது மாதிரி. ...ஊட்லயா? டிவில சொருகறதா! ஆரு வாங்குனது? துபாய்ல இருந்து உங்க அண்ணன். ஆருக்கு? உங்க மகளுக்கு. யாழினி. நல்ல பேருங்க. பத்தாவது படிக்குதா. தெனம் சாயங்காலம் அம்மாளும் மகளும் ஒட்டுக்கா உக்காந்து ஆடுவீங்க. ஆரு ஜெயிப்பா? நீங்களா! அந்தப் புள்ளை அழுவுமா? செரியாப் போச்சு. செரியாப் போச்சுங்க எம்பட பொழப்பு. அந்தப் பொட்டிதான் எங்கடையைத் தின்னுச்சு. பாக்கி இருந்ததைத் தின்ன இன்னைக்கு ஆத்தூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்திருக்குது.

அறநூறு. அடப் பாவமே, அறநூறு.

அப்புசாமி இன்னும் பப்ஸ்தான் தின்னுட்டிருக்கறாரு. நான் கொஞ்சம் மெதுவாப் பேசறனுங்க. பூபதின்னு ஒருத்தரு கதை சொல்றேன் கேளுங்க. நாமக்கல் பக்கம், முட்டை லாரி வெச்சிருக்கறவரு. அவரு வந்தன்னைக்கு என்ற மனசு கேக்கலீங்க. உள்ள கூட்டியாந்து, ஏனுங்க, இது பொம்மைங்க, ஜப்பான்காரன் பசங்க ஆடறதுக்குச் செஞ்சது, இவனுக்கும் தண்ணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு பட்டுனு சொல்லிட்டேன். மனுசன் என்னையவே பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. கும்புட்டாரு. சாமி என்னைச் சோதிக்குதுன்னாரு. உண்மையான வாக்குன்னா சொல்றவனே இல்லைன்னுதான் சொல்லுவானாம். காத்தான் எரநூறுல செத்ததுக்கு, சோதனைக்குன்னு இன்னும் ஒரு நூறைச் சேத்து முன்னூறு அடி போட்டாருங்க. அன்னைல இருந்து நான் உண்மை பேசறதை உட்டுட்டேன். செலவு சாஸ்தி.

எண்ணூறுங்க அம்மிணி. கண்ணைத் தொடைச்சுட்டுப் பாத்தேன், எண்ணூறுதான்.

செரி. இனி மறைச்சு ஒண்ணும் ஆகறதில்ல. நீங்க சாமி சோதிக்குதுன்னு நெனைக்க மாட்டீங்க, ஊட்ல பொட்டி வெச்சிருக்கறவங்க. சொல்றேன். மெஷினுக்குப் பின்னால சுண்டு வெரல் நகமாட்டம் ஒரு சுவிட்சு இருக்குது. சுளுவு, நடு, கஷ்டம், மகா கஷ்டம், நாலு நெலை. அப்புசாமி கேக்கறது சுளுவுல வெக்கச் சொல்லி. காத்தான் எவ்வளவு கீழ போறானோ அவ்வளவு அடி, அவ்வளவு காசு. வெச்சுட்டேன்னுதான் சொல்லியிருக்கறேன். அது மகா கஷ்டத்துல இருக்குதுங்க, நாலு வருசமா. அதாங்க பெருச்சாளி அந்த ஓட்டம் ஓடுது.

அப்பறம் என்ற பேச்சு. ஊரே சொல்லும், காளிதாஸ் வாயாடின்னு. பொறப்புலயே நான் வாயாடி இல்லீங்க. கல்யாணத்தன்னைக்கு அமுதவல்லி, மாப்பிள்ளை ஊமையான்னு அவங்க அத்தைகிட்டக் கேட்டாளாம். இப்ப காதுல பஞ்சு வெச்சுட்டுத் தூங்கறா. நான் பேசறது ஆடறவங்க கண்ணு திரும்பறதுக்குங்க. டீ, பல்லி, ஹெட்மாஸ்டரு, கல்யாணம், எல்லாம் அதுக்குத்தான். ஒரு சிரிப்பு, ஒரு திரும்பல், காத்தான் செத்துருவான். நூத்தி அம்பது அடியோட போயிருவாங்க. அதுல தண்ணி வராட்டியும் ஊடு வாசல் மிச்சம். நீங்கதாங்க மொத ஆளு, அத்தனை பேச்சுக்கும் அசையாதவங்க. அந்தப் புள்ளை யாழினி பக்கத்துல உக்காந்து கத்தக் கத்த ஆடிப் பழகியிருப்பீங்க போல.

கடையை மூடலாங்க, நல்லா மூடலாம். மூடுன அன்னைக்கே அப்புசாமி நெலவை இடிச்சு மெஷினை எடுத்துட்டுப் போயி அவரு ஆபீசுல வெச்சுக்குவாரு. அங்க சுளுவுல ஓடும். வாரா வாரம் கேட்டுட்டுத்தான் இருக்கறாரு. அவரு குடுக்கறதை நானும் வாங்கிக்கறேன், இல்லைங்கல. கரண்டு பில்லு கட்டோணுமில்ல.

தொள்ளாயிரத்தி இருவது. நிறுத்துங்க அம்மிணி.

இத்தனை ஆழம் போட்டாலும் தண்ணி வராதுன்னு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? நானும் ஆடுனனுங்க. தெரிஞ்சே ஆடுனேன். ஜேடர்பாளையத்துக்காரர் கதை, ஆத்தோரம், குடைக் கம்பி, எல்லாந் தெரிஞ்சவன் நானு. ஆனா வந்தவங்க எல்லாம் கும்புடறதை மூணு வருசம் நின்னு பாத்தா என்னமோ ஆயிருதுங்க. எங்களுக்கு எளையாம்பாளையத்துல மூணு ஏக்கரா காடு இருந்துது. கரும்பு கருகிட்டு நின்னுது. ஒரு வெள்ளிக்கெழமை தலைக்குத் தண்ணி ஊத்திட்டு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, என்ற மெஷின்ல நானே காசு போட்டேன். சொந்த மெஷினு, எந்தப் பெருச்சாளி எப்ப வரும்னு அத்துப்படி. அன்னைக்குன்னு பாத்து அப்படி ஆடுனனுங்க. ஆயிரத்தி நூத்தி எழுவது. அமுதவல்லி வேண்டாம் வேண்டாம்னா. பொம்மை சொல்றதைக் கேட்டு ஆராச்சும் இத்தனை ஆழம் போடுவாங்களான்னா. நான் கேக்கல. நல்லா ஆடிட்டமேங்கற திமிரு. வண்டி ரெண்டு பகலு ஓடுச்சு. பாறை பொடிஞ்சு புகைதாங்க வந்துச்சு. வெள்ளைப் புகை, மாவாட்டம், கரும்பு மேல, எங்க மேல, அவ தலை மேல.

காடு இப்ப கோழிப்பண்ணை. வேற ஆரோடதோ. சேலம் போற பஸ்ல அமுதவல்லி அந்தக் காடு தெரியற பக்கத்துச் சீட்டுல உக்கார மாட்டா. எடம் இல்லாட்டி நின்னுட்டே வருவா.

அதாங்க. அதுக்கப்பறந்தான் பேச ஆரம்பிச்சது.

தண்ணிக்கு என்ன பண்றதுன்னா... தெரியலீங்க. சத்தியமாத் தெரியல. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குக் கேம் சென்டர் வெச்சிருக்கறேன்? பழைய கெணறு கிணறு இருந்தா தூர் எடுத்துப் பாருங்க, இல்ல ஒரு போகம் சும்மா போடுங்க, ஊட்டுக்காரர் வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து ரோசனை பண்ணுங்க. அடகு வெச்சது கையில இருந்தா ரோசனை தானா வரும். அது புகையில போயிருச்சுன்னா ஒண்ணும் வராது, சண்டைதான் வரும்.

அய்யோ, ஆயிரத்தி நாப்பது. கையை எடுங்களேன் தாயி. ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க? ...ஓ. சாவடிக்க மனசு வரலையா. எனக்கும் அப்படித்தாங்க இருந்துது. அத்தனை தூரம் கூட வந்தவனை நம்ம கையாலயே எப்படின்னு. அவன் சாகட்டும் அம்மிணி. அடுத்த காசுக்கு எந்திரிச்சு மம்முட்டியோட நிப்பான், வெக்கங்கெட்ட பய. நம்மனாலதான் அப்படி எந்திரிக்க முடியறதில்ல.

அப்புசாமி எந்திரிச்சுட்டாருங்க. கையைக் கழுவறாரு. இப்படிப் பண்ணுங்க, அந்தா பெரிய கல்லு ஆடுதுல்ல, அதுக்கு நேர் அடியில கொண்டுபோய் நிறுத்துங்க. அவ்வளவுதான். இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா நில்லுங்க. குச்சியை உடுங்க. பொத்தானையும் உடுங்க. கண்ணை வேண்ணா மூடிக்கங்க.

உழுந்துருச்சு. முடிஞ்சுதுங்க.

நம்பரு இன்னும் நிக்குது, நான் முன்னால மறைச்சுட்டு நிக்கறேன், நீங்க தள்ளி வந்துருங்க. அவரு கேட்டா நான் சொல்லிக்கறேன். பத்தொம்பதுன்னு சொல்லப்போறேன். பத்தொம்பது அடிக்கு எந்த ரிக்கு வண்டியும் ஆத்தூர் வரைக்கும் வராது, டீசல் காசே ஆகாது. நீங்க மொகத்தை மட்டும் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கங்க. சிரிக்காதீங்க அம்மிணி, கெடுத்துப் போடாதீங்க.

வாங்க அப்புசாமி, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், வாசல்லயே நில்லுங்க. எங்கீங்க, உக்காந்ததும் முடிஞ்சு போச்சு. பத்தொம்பது. ஆமாங்க, பத்தொம்பதேதான். பாவம், அம்மிணிக்குக் குச்சியைக்கூடப் புடிக்கத் தெரியலீங்க.